பிரான்சிலிருந்து வந்த தொட்டி

எங்கள் கோயிலில் உள்ள எல்லாப் பொருளும் பிரான்சிலிருந்து வந்தவை. மணி பிரான்சிலிருந்து வந்தது. மாதா சுரூபம் பிரான்சிலிருந்து வந்தது. சிலுவைப் பாதைப் படங்கள், மெழுகுதிரித் தண்டுகள், தூபக்கலசம் எல்லாம் கப்பலில் ஏறி, மாட்டு வண்டிக்கு மாறி, கடைசியில் கூலியாட்களின் தலையில் உட்கார்ந்து மலையேறி வந்தவை. ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அப்படியானால் பிரான்சில் இருந்த சனங்கள் எதை வைத்துக் கும்பிட்டார்கள் என்று எனக்குச் சந்தேகம் வரும். கேட்டதில்லை. நான் யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை.

கொடைக்கானலிலிருந்து மேல்மலைக்குப் போகும் சாலையில், பூண்டிக்கு வெகு முன்னால், பஸ் முதல் கியருக்கு இறங்கி முனகுகிற ஒரு திருப்பத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, கொஞ்ச நாள் காரட் மூட்டை தூக்கிவிட்டு, பிறகு கோயில்பிள்ளை ஆனேன். இருபத்து மூன்று வருடமாக அதுதான் வேலை. விடிவதற்கு முன் மணியடிக்க வேண்டும். பீடத்துணி மாற்ற வேண்டும். பூசை உடுப்புகளை மடித்து வைக்க வேண்டும். மீதி நேரமெல்லாம் துடைக்க வேண்டும். படித்தவர்கள் ஒரு பொருளின் வரலாற்றைப் புத்தகத்தில் பார்ப்பார்கள். துடைக்கிறவன் அதன் அடிப்பக்கத்தில் பார்ப்பான். மணியின் உள்விளிம்பில் புறா எச்சத்தை ஒருமுறை சுரண்டினேன். நம் நாட்டுப் பட்டணம் ஒன்றின் பெயர் தெரிந்தது. சுரண்டுவதை அத்தோடு நிறுத்திக்கொண்டேன். புறாக்கள் தங்கள் பங்குக்கு அதை மறுபடி மூடிவிட்டன.

உள்ளபடி சொன்னால், எங்கள் கோயில் சாமான்களின் வரலாறு என்பது அவை எங்கிருந்து வந்தன என்பதல்ல, எங்கே போயின என்பதுதான். மாறி வந்த ஒவ்வொரு பங்குச் சாமியாரும் கோயிலை அழகுபடுத்தினார். அழகுபடுத்துவது என்றால் ஏதோ ஒன்றை வெளியே தூக்கிப் போடுவது.

பழைய பெரிய பீடம் கருத்த மரத்தில் மாடம் மாடமாக இருந்ததாம். சாமியார் சனங்களைப் பார்த்துப் பூசை வைக்க வேண்டும் என்று முறை மாறியபோது அதைக் கழற்றினார்கள். இப்போது அது சாமியார் பங்களாவில் சமையற்கட்டு அலமாரி. சிறகு விரித்துச் சம்மனசுகள் நின்ற மாடங்களில் ஊறுகாய் பரணிகள் நிற்கின்றன. நற்கருணை வாங்க முழந்தாளிட்ட கிராதி, பங்களாத் தோட்டத்தில் பீன்ஸ் பாத்தியைச் சுற்றி வேலியானது. ஒரு நாள் காட்டுமாடு ஒன்று வந்து அதில் முதுகைச் சொறிந்தது, கிராதி படுத்துவிட்டது. நூறு வருடமாகப் பாவிகளைத் தடுத்து நிறுத்திய கிராதி ஒரு மாட்டைத் தடுக்க முடியாமல் போனதில் அன்றைய சாமியாருக்கு வருத்தம். பிரசங்க மேடையின் வளைந்த படிக்கட்டு அட்டுவம்பட்டியில் ஒரு வீட்டு மாடியில் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க அதில்தான் ஏறுகிறார்கள். அதில் ஏறியவர்களில் உண்மையை மட்டும் பேசுகிறவர்கள் இவர்கள்தான் என்று நினைக்கிறேன். நிரம்பியிருந்தால் நிரம்பியிருக்கிறது என்கிறார்கள்.

சிலுவைப் பாதைப் படங்கள் பதினான்கும் இன்னும் சுவரில் இருக்கின்றன. ஒரு தவக்காலத்துக்கு முன் வெள்ளையடித்தார்கள். வெள்ளையடித்தவர் படங்களைக் கழற்றி, காய்ந்ததும் கைக்கு வந்தபடி மாட்டிவிட்டுப் போனார். அந்த வருடம் எங்கள் ஊரில் ஆண்டவர் மூன்றாம் முறை விழுந்த பிறகு இரண்டாம் முறை விழுந்தார். அடக்கம் செய்யப்பட்ட பின் வெரோணிக்கா வந்து முகம் துடைத்தாள். ஏழு வெள்ளிக்கிழமையும் ஊரே முழந்தாளிட்டு, படத்துக்குப் படம் நகர்ந்து, கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்துப் படித்தது. படத்தை ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்த ஒரே ஆள் நான். சொல்ல வாய் வரவில்லை. உயிர்ப்பு ஞாயிறு கழிந்த மறுநாள் ஏணி வைத்து நானே மாற்றி மாட்டினேன். அதையும் ஒருவரும் பார்க்கவில்லை.

இப்படி எல்லாம் போன பிறகும் போகாமல் இருந்தது பாவசங்கீர்த்தனத் தொட்டி. தொட்டி என்று பெயர், உண்மையில் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குகிற ஆளுயர மரக்கூண்டு. நடுவில் சாமியார் உட்கார ஒரு பலகை, முன்னால் அரைக்கதவு, அதற்கு மேல் ஊதாத் திரை. இரண்டு பக்கமும் பாவிகள் முழந்தாளிட இடம். நடுவே தடுப்புப் பலகையில் சல்லடை போலத் துளைகள். பாவி இந்தப் பக்கம் வாயை வைப்பான், சாமியார் அந்தப் பக்கம் காதை வைப்பார். முகம் தெரியாது. தெரியாது என்பது ஏற்பாடு. எங்கள் ஊரில் இருமலை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

என் சிறு வயதில் இருந்த சாமியாருக்குக் காது மந்தம். அவர் தொட்டியில் உட்கார்ந்துவிட்டால் கோயிலில் கூட்டம் சேரும். பாவத்தை மெல்லச் சொன்னால் அவர் உரக்கத் திருப்பிக் கேட்பார்.

"என்னது, கோழியா?"

உள்ளே முணுமுணுப்பு.

"யாரு வீட்டுக் கோழி?"

மறுபடி முணுமுணுப்பு.

"அதத் தின்னாச்சா, கெடக்கா?"

கோழிக்குச் சொந்தக்காரர் பக்கத்து வரிசையில் முறைக்குக் காத்திருப்பார். பாவமன்னிப்பு உள்ளே கிடைக்கும், மற்றது வெளியே கிடைக்கும். அந்தச் சாமியார் மாறிப் போனபோது ஊரே அழுதது. நல்லவர் போகிறாரே என்று பாதிப் பேர், இனிமேல் ஊர்ச் சேதி எப்படித் தெரியும் என்று மீதிப் பேர்.

எனக்கு அந்தத் தொட்டி வேறு விதத்தில் தேவைப்பட்டது. முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. பஸ்ஸில் நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுக்க முடியாமல், அடுத்த ஊர் போய் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். கடையில் பூண்டு கேட்கப் போய், கடைக்காரர் நீட்டிய இஞ்சியை வாங்கி வந்திருக்கிறேன். என் மனைவிக்கு இதில் நிரந்தர வருத்தம்.

"கட்டுன பொண்டாட்டிகிட்ட ரெண்டு வார்த்த பேசாத மனுசன், அந்தக் கூண்டுக்குள்ள போயி அரை மணிநேரம் என்னதான் பேசுவாரோ" என்பாள். கூட இருப்பவர்களிடம்தான் சொல்வாள், எனக்குக் கேட்கும்படி.

எங்கள் ஊரில் தொட்டியில் முழந்தாளிட்ட நேரத்தை வைத்துப் பாவத்தின் அளவைக் கணக்கிடுவார்கள். அந்த முறைப்படி ஊரிலேயே பெரிய பாவி நான்தான். உண்மையில் நான் அங்கே சொன்னதில் பாதி பாவமே அல்ல. அப்பா இறந்த மாதம் போய் முழந்தாளிட்டு, அவர் கடைசியாகக் கேட்ட காப்பியைச் சூடில்லாமல் கொடுத்ததைச் சொன்னேன். மகள் கல்யாணமாகிப் போன மாதம், வீட்டில் சத்தமே இல்லை என்று சொன்னேன். அதெல்லாம் எந்தக் கட்டளைக்கு எதிரானது என்று எந்தச் சாமியாரும் கேட்டதில்லை. துளைக்கு அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்கும். அது போதும். மாதத்தில் முதல் சனிக்கிழமை அரை மணி நேரம் நான் பேசுகிறவனாக இருந்தேன்.

இப்போதுள்ள சாமியார் வந்தது போன வருடம். சமவெளிக்காரர். வயது என் தம்பி வயதுகூட இல்லை. வெளிநாட்டில் படித்தவர். குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, எதற்கும் சிரிப்பார். நல்லவர். நல்லவர்கள்தான் எதையாவது மாற்றுவார்கள்.

கோயிலுக்கு ஜூபிலி வருகிறது என்று விழாக்குழு போட்டார்கள். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஊருக்கு வாத்தியார். ஓய்வு பெற்றது பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் தெரியும். அவர் ஊர் முழுவதையும் வகுப்பாகவே நடத்துகிறார். முதல் கூட்டத்தில் சாமியார் தன் யோசனையைச் சொன்னார். பக்கச் சுவரோரம் கண்ணாடிக் கதவு போட்டு ஒரு சின்ன அறை. அதில் இரண்டு நாற்காலி, எதிரெதிராக. பாவம் செய்தவர் பயந்து ஒளிய வேண்டியதில்லை, சிநேகிதரிடம் பேசுவதுபோல் முகம் பார்த்துப் பேசலாம்.

"அப்ப அந்தப் பழைய தொட்டி சாமி?" என்று வாத்தியார் கேட்டார்.

"அதைத்தான் பாக்கணும். இடத்த அடைக்குது."

இடத்தை அடைக்கிற பொருளுக்கு ஆள் ஏற்கெனவே தயார். கொடைக்கானல் ஏரிக்கு மேலே ரிசார்ட் கட்டிக்கொண்டிருந்த முதலாளி ஒருவர் பழைய சாமான் தேடி மலையெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தார். நூறு வருடம் பழையதுபோலத் தெரிய வேண்டிய புது ரிசார்ட் அது. தொட்டியை வரவேற்பறையில் வைத்து, உள்ளே டெலிபோனும் விளக்கும் போட்டு, வருகிறவர்கள் அதில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஏற்பாடாம். பதிலுக்குக் கோயில் முழுக்கக் கிரானைட் தரை போட்டுத் தருவதாகச் சொன்னார். கிரானைட் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் குழுவில் யாருக்கும் வேறு சந்தேகம் இல்லாமல் போயிற்று.

நான் கதவருகே நின்றிருந்தேன். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் ஜன்னல் தாழ்ப்பாளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே துடைத்த தாழ்ப்பாள்.

கண்ணாடி அறை கட்டி முடிகிற நேரத்தில் முதலாளி ஒரு நிபந்தனை சொன்னார். தொட்டியின் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும். கோயில் முத்திரையோடு. அவர் அதைச் சட்டம் போட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டுவார். அந்த வேலை என்னிடம் வந்தது. நான் வரலாறு தெரிந்தவன் என்பதால் அல்ல, கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால். கல்யாண ஓலை, அடக்க அறிவிப்பு எல்லாம் நான்தான் எழுதுவேன்.

"பெருசா ஒண்ணும் வேண்டாம்டா" என்றார் வாத்தியார். நான் அவரிடம் படித்தவன், அதனால் சாகும்வரை டாதான். "பிரான்ஸ்ல செஞ்சது, கப்பல்ல வந்தது, இத்தன சாமிமாரு உக்காந்து பாவசங்கீர்த்தனம் கேட்டது. அம்புட்டுதான். அழகா எழுதிரு. வெரசா எழுதிரு, அவரு வெள்ளிக்கிழம வர்றாரு."

அவர் சொன்னதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. அந்தத் தொட்டி எங்கே செய்தது என்று எனக்குத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் சாமியார் உட்காரும் பலகைக்கு அடியில் எலி குட்டி போட்டிருந்தது. டார்ச்சோடு உள்ளே மல்லாந்து படுத்துப் பார்த்தேன். எலியைவிட மேலான பொருள் கிடைத்தது. பலகையின் அடிப்பக்கம், அரசாங்க விதைக்கிழங்கு வந்த பெட்டியின் அச்சு முழுசாக இருந்தது. அதாவது, பெட்டியை உடைத்துத் திருப்பிப் போட்டு அடித்திருக்கிறார்கள். பக்கத்தில் தச்சர் பென்சிலால், நல்ல தமிழில், ஓர் அளவும் குறித்திருந்தார். வெளிப்பலகையின் உட்புறம் மெருகில்லாமல், கீழ்மலைப் பாச்சலூர்ப் பக்கத்துச் சந்தனவேம்பு என்று பார்த்ததுமே தெரிந்தது. எத்தனையோ சாமிமார் ஊரின் பாவங்களையெல்லாம் விதை உருளைக்கிழங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்துதான் மன்னித்திருக்கிறார்கள். மன்னிப்பு செல்லாமல் போனதாகத் தகவல் இல்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை என்பது ஒரு காரணம். பிரான்ஸ் என்று ஊரே சொல்லும்போது கிழங்கு என்று எழுந்து சொல்ல எவனுக்குத் துணிச்சல் வரும் என்பது இன்னொன்று.

வியாழக்கிழமை மத்தியானம் பீடத்துக்குப் பின்னால் உள்ள சக்கிறீஸ்து அறையில், பூசை உடுப்பு அலமாரியின் மேல் வெள்ளை அட்டையை வைத்து உட்கார்ந்தேன். பிரான்ஸ் என்று எழுதிவிடலாம். எழுதினால் தொட்டி போய்விடும், முதல் சனிக்கிழமைகளும் போய்விடும். அதோடு, பொய்யும் எழுதினவன் ஆவேன், அந்தப் பொய்யைப் போய்ச் சொல்லத் தொட்டியும் இருக்காது. இப்படி யோசித்ததில் எனக்கே சிரிப்பு வந்தது. உண்மையை எழுதினேன். வாயால் வராதது கையால் சுலபமாக வந்தது. எழுத்தும் என்றைக்கும் இல்லாத அழகாக விழுந்தது.

வெள்ளிக்கிழமை முதலாளி கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். தொட்டியைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். வாத்தியார் உறையிலிருந்த அட்டையைத் தான் படிக்காமலேயே பெருமையாக நீட்டினார். என் கையெழுத்தின்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

"சார், இது என்ன கெழங்கு?"

"என்ன கெழங்கு?" என்றார் வாத்தியார்.

"நான் உங்களக் கேக்குறேன். பிரான்ஸுன்னு சொல்லித்தான போட்டோ அனுப்பிச்சீங்க. இதுல பாச்சலூர் மரம், உருளைக்கெழங்குப் பெட்டின்னு போட்டிருக்கு."

வாத்தியார் அட்டையை வாங்கிப் படித்தார். அவர் காது மடல் சிவந்ததை நான் தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.

"எழுதுனவனுக்குக் கொஞ்சம் மூளை கம்மிங்க. நான் வேற எழுதித் தர்றேன்."

முதலாளி அதற்குள் குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் பலகைக்கு அடியில் பார்த்துவிட்டார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"என் ரிசார்ட்டுக்கு வர்றவன் கெழங்குப் பெட்டியில நின்னு போட்டோ எடுக்கவா வருவான்? அதுக்கு மார்க்கெட்டுக்கே போயிரலாமே."

கார் போய்விட்டது. கிரானைட்டும் அதோடு போயிற்று. வாத்தியார் என்னைப் பார்த்துத் திரும்பினார். "ஏலே, உனக்கு எழுதத்தான சொன்னேன். யோசிக்கச் சொன்னேனா?" என்றார். முப்பது வருடத்துக்கு முன் எட்டாம் வகுப்பில் கேட்ட அதே கேள்வி. அன்றைக்கு இருந்த பதில்தான் இன்றைக்கும் என்னிடம் இருந்தது. தரையைப் பார்த்தேன்.

அன்று சாயந்தரம் சாமியார் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். பெயின்ட் வாசனை போகவில்லை. இரண்டு நாற்காலிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. என் முட்டியும் அவர் முட்டியும் இடித்தன. ஒளிய ஒரு தூண்கூட இல்லாத அறை.

"சொல்லுங்கண்ணே" என்றார்.

திட்டம் போடாமலே, சிலுவை போட்டுக்கொண்டேன். அவரும் புரிந்துகொண்டு ஸ்வெட்டர் பையிலிருந்து, பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது போடுகிற ஊதாப் பட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"தப்பு செஞ்சுட்டேன் சாமி. அட்டையில எழுதுனேன்."

"எழுதினது பொய்யா?"

"நெசம்தான் சாமி."

"நெசத்த எழுதுறது எப்ப இருந்துண்ணே பாவமாச்சு?"

"நெசத்துக்காக எழுதல சாமி. தொட்டி போயிரக்கூடாதுன்னு எழுதுனேன். இருபத்து மூணு வருசமா தெரியும். யாருகிட்டயும் மூச்சு விடல. எனக்குத் தேவப்பட்டப்பத்தான் அந்த நெசத்த வெளிய எடுத்தேன்."

அவர் சிரிக்கவில்லை. "உங்களுக்கு எதுக்கு அந்தத் தொட்டி?"

"எனக்கு மூஞ்சியப் பாத்துப் பேச வராது சாமி."

"இப்பப் பேசிக்கிட்டுத்தான இருக்கீங்க?"

"உங்க செருப்பப் பாத்துப் பேசுறேன் சாமி."

அவர் செருப்பை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அதன் பிறகு எனக்குப் பார்க்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. வேறு வழியில்லாமல் நிமிர்ந்தேன். அவரும் என்னைப் பார்க்காமல் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது சுலபமாக இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"அபராதம் சொல்றேன்" என்றார். எங்கள் சபையில் பாவத்துக்குப் பரிகாரமாகச் சொல்லும் செபத்துக்கு அபராதம் என்று பெயர். "ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு ஊர்க்கூட்டம் இருக்கு. அந்த அட்டையில இருக்கிறத நீங்களே எழுந்து வாசிச்சிருங்க."

"சாமி, அம்பத்து மூணு மணிச் செபம் வேணா பத்துத் தடவ சொல்லிர்றேன்."

"வேண்டாம்ணே. இது போதும்."

ஞாயிற்றுக்கிழமை பூசையில் என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை. மணியை ஓரிடத்தில் அடிக்க மறந்துவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள். பூசை முடிந்து எல்லாரும் உட்கார்ந்த பிறகு, சாமியார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பெண்கள் பக்கத்தில் என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் எழுந்தேன். அட்டையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வாசித்தேன்.

"இந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டி நம் ஊரிலேயே செய்யப்பட்டது. வெளிப்பலகை பாச்சலூர்ப் பக்கத்துச் சந்தனவேம்பு. சாமியார் உட்காரும் பலகை, விதைக்கிழங்கு வந்த பெட்டியை உடைத்துச் செய்தது. பெட்டியின் அச்சு அடிப்பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அதன் பக்கத்தில் தச்சர் எழுதிய அளவும் இருக்கிறது. 'சாமி இடுப்பு ரெண்டு சாண் நாலு விரக்கடை. தாராளமா விடவும்.' செய்தவர் பெயர் தெரியவில்லை."

முதலில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு பின்வரிசை சிரித்தது. சாமியார் இடுப்பைப் பற்றிக் கோயிலுக்குள் வாசித்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள். அட்டையை இறக்கிவிட்டு உட்காரப் போனேன். அபராதம் முடிந்தது, அடுத்து அதை உடைத்து விறகாக்குவார்கள் என்று நினைத்தேன். பிரான்சும் இல்லை, கிரானைட்டும் இல்லை என்றால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்போது பூண்டு போடுகிற ஒருவர் எழுந்தார். கோயில் கூட்டத்துக்கே வராத ஆள். அன்றைக்கு ஏதோ சோலியாக வந்திருந்தார்.

"பேரு தெரியலன்னு எப்பிடிப் போடலாம்? எங்க தாத்தா செஞ்சது. அவரு தச்சு வேலையும் பாப்பாரு. மம்பட்டிக்கெல்லாம் அவருதான் பிடி போடுவாரு."

"மம்பட்டிக்குப் பிடி போட்டவரெல்லாம் தொட்டி செஞ்சிருவாரோ?" என்றது முன்வரிசையிலிருந்து ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் வாத்தியார். "அந்தக் கையெழுத்து எங்க பாட்டனாரு கையெழுத்து. எங்க வீட்டு நிலையில அதே மாதிரி எழுத்து இருக்கு. எங்கப்பாவே சொல்லியிருக்காரு."

பிரான்ஸ் என்று நாற்பது வருடமாக ஊருக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். மூன்று நாளில் பாட்டனார் கப்பலிலிருந்து இறங்கிவிட்டார்.

"ஏன் சார், வெள்ளிக்கிழம அத விக்கப் பாத்தப்ப உங்க பாட்டன் நெனப்பு வரலையா?" என்று பூண்டுக்காரர் கேட்டார்.

"ஏலே, மரியாதையாப் பேசு."

பெண்கள் பக்கத்தில் பூமாலை கட்டுகிற அக்கா எழுந்தது. அதற்குத் தச்சரைப் பற்றி அக்கறையில்லை.

"யாரு வேணா செஞ்சிருக்கட்டும்யா. பெட்டி யாரு வீட்டுப் பெட்டி? அந்தக் காலத்துல இந்தூர்ல வெதக்கெழங்கு எறங்குனது எங்க மாமனாரு வீட்டுலதான். சாமி உக்காந்தது எங்க பலகையில."

சாமியார் கையமர்த்திப் பார்த்தார். ஊதாப் பட்டை இல்லாமல் அவர் சொன்னால் எங்கள் ஊரில் அவ்வளவு எடுபடாது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. தொட்டி இடத்தை அடைக்கிறது, கண்ணாடி அறை தயார், அதை ஓரமாக ஷெட்டில் வைக்கலாமா என்று சாமியார் ஒரு கட்டத்தில் மெல்லக் கேட்டார். அதுவரை சண்டை போட்ட மூன்று பேரும் அந்த ஒரு விஷயத்தில் ஒன்றானார்கள். எங்க தாத்தா செஞ்சதை யாரும் தொடக்கூடாது என்றார் ஒருவர். எங்க பாட்டனார் செஞ்சதை என்றார் இன்னொருவர். எங்க பலகை என்றது அக்கா. அது பிரான்சுக்குச் சொந்தமாக இருந்தவரை ஒருவருக்கும் வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரம் பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் பாய், தொட்டிக் கதவின் கீல் தங்கள் கடையில் வாங்கினதுதான் என்று சொல்லி அனுப்பினார். கீல் இன்னும் தேயவில்லை பார்த்தீர்களா என்றும் கேட்டு அனுப்பினார்.

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. தொட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். கண்ணாடி அறையில் மடக்கு நாற்காலிகளை அடுக்கியாயிற்று. தொட்டியின்மேல், செய்தவர் பெயரும் பலகை கொடுத்தவர் பெயரும் போட்டு ஒரு பலகை மாட்ட வேண்டும். யார் பெயர் என்பதை விசாரித்து முடிவு செய்து எழுத வேண்டிய பொறுப்பு, கையெழுத்து நன்றாக இருப்பதால், என்னிடம் கொடுக்கப்பட்டது.

விசாரிப்பது என்றால் வீடு வீடாகப் போய் முகம் பார்த்துப் பேச வேண்டும். இரண்டு வீட்டுக்குப் போனேன். பேசினேன் என்றுகூடச் சொல்லலாம். வாத்தியார் வீட்டு நிலைக்கதவில் இருந்த எழுத்தைப் பார்த்தேன். தொட்டியில் இருக்கிற எழுத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பூண்டுக்காரர் வீட்டில் தாத்தா போட்ட மண்வெட்டிப் பிடி ஒன்றைக் காட்டினார்கள். அது ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. செய்தவர் இந்த இரண்டு பேரும் இல்லை. அக்காவின் பலகையிலோ அரசாங்க அச்சைத் தவிர எந்த வீட்டுப் பெயரும் இல்லை.

அதை எழுதினால் மூன்று வீட்டுக்கும் தொட்டி மறுபடி வேண்டாத பொருளாகிவிடும். ஒரு தாத்தாவின் பெயரை எழுதினால் மற்றத் தாத்தாவின் வீட்டுக்கு வேண்டாததாகும். அதனால் எழுதவில்லை. வாத்தியார் வாரம் தவறாமல் வழியில் மறித்துக் கேட்கிறார்.

"என்னடா, எழுதியாச்சா?"

"விசாரிச்சுக்கிட்டிருக்கேன் சார்" என்கிறேன், அவர் முகத்தைப் பார்த்தே. இப்போது அது வருகிறது. பூண்டுக்காரரிடமும் பூக்கார அக்காவிடமும் அதையேதான் சொல்கிறேன்.

மாதத்தில் முதல் சனிக்கிழமை தொட்டியில் முழந்தாளிட்டு, இந்த மாதம் மூன்று பேரிடம் எத்தனை தடவை பொய் சொன்னேன் என்று துளைக்கு நேராகச் சொல்கிறேன். அந்தப் பக்கம் சாமியார் தொண்டையைச் செருமிக்கொள்வார். பலகையில் எழுதிப் போட்டுவிடுங்கள் என்று அவர் இதுவரை அபராதம் சொன்னதில்லை. ஒரே ஒரு 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லச் சொல்கிறார். சொல்கிறேன்.